பூர்விக வீடு, பங்கு, ஓட்டு, வரி: செட்டிநாட்டுக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

காரைக்குடியில் பத்திரம் எழுதுவது என் தொழில். பாகப்பிரிவினை, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம், அதிகாரப் பத்திரம் என்று சுற்றுவட்டார ஊர்களில் இருந்து ஆட்கள் வருவார்கள். வீட்டுச் சண்டையோடு ஊர்ச் சண்டையும் கூடவே வந்துவிடும். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியவை. வீடு இங்கே இருக்கிறது, ஆள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார், அவருக்கு இந்த ஊரில் என்ன உரிமை, என்ன கடமை? எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். உங்கள் வீட்டு விவகாரத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் பத்திரங்களைக் காட்டிவிடுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர், பூர்விகம் கானாடுகாத்தான்): பூட்டிக் கிடக்கும் வீடுகளை அரசாங்கம் கணக்கெடுத்து எடுத்துக்கொள்ளப் போகிறது என்று எங்கள் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா?

பதில்: பூட்டியிருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ள முடியாது. சட்டத்தின் வழியில் அல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 300ஏ பிரிவு சொல்கிறது. பொதுக் காரியத்துக்கு நிலம் எடுப்பதென்றால் அறிவிப்பு, ஆட்சேபணை, இழப்பீடு என்று வரிசையாக முறைகள் உண்டு. அந்தச் செய்தியில் அரசாணை எண்ணும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். இப்படி ஒரு செய்தியால் பயந்து, வந்த விலைக்கு விற்றுவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் உண்டு.

நிஜமான ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. உங்கள் உரிமையை மறுத்து, எல்லோருக்கும் தெரியும்படி ஒருவர் 12 ஆண்டுகள் தொடர்ந்து அனுபவித்துவிட்டால், நீங்கள் வழக்குப் போடும் காலக்கெடு போய்விடும். நீங்கள் இருக்கச் சொன்ன காவல்காரருக்கு அப்படி உரிமை வராது, எத்தனை ஆண்டு இருந்தாலும் சரி. ஆனால் உங்கள் அனுமதியில்தான் இருக்கிறார் என்பதற்கு எழுத்து வேண்டும். வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் உங்கள் குடும்பத்தார் பெயரில் இருக்கட்டும்.

கேள்வி (மதுரை, பிறந்த ஊர் தேவகோட்டை): எனக்கு 1985இல் கல்யாணம். பூர்விக வீட்டை அண்ணன்கள் பிரிக்கப் போகிறார்கள். "எண்பத்தொன்பதுக்கு முன்னாலேயே உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, சீரும் நிறையச் செய்தாகிவிட்டது, உனக்குப் பங்கு கிடையாது" என்கிறார்கள். பெற்றோர் இருவரும் இப்போது இல்லை.

பதில்: ஆச்சி, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுக்குப் பங்கு உண்டு. இதை விரிவாகவே சொல்கிறேன். இந்த எண்பத்தொன்பது கணக்கைச் சொல்லித்தான் நம் பக்கத்தில் பல பெண்களை வாசலோடு திருப்பி அனுப்புகிறார்கள்.

பூர்விகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் உரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் கல்யாணமான பெண்களை அது சேர்க்கவில்லை. உங்கள் அண்ணன்கள் பிடித்துக்கொண்டிருப்பது அந்த இடத்தைத்தான். அப்புறம் 2005 செப்டம்பர் 9 முதல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மத்திய அரசின் திருத்தம் வந்தது. அதில் கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா, எப்போது ஆனது என்ற பேச்சே இல்லை. அப்பாவும் அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம் பல ஆண்டுகள் ஓடியது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அதைத் தீர்த்துவைத்தார்கள். அப்பா இருந்திருக்க வேண்டியதில்லை, உரிமை மகளின் பிறப்பால் வருவது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுசெய்த பத்திரத்திலோ நீதிமன்றத் தீர்ப்பிலோ வீடு பிரிந்திருந்தாலும், அல்லது விற்றுப்போயிருந்தாலும் அதை இப்போது கலைக்க முடியாது. வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டோம் என்று சொன்னால் நீதிமன்றம் சுலபத்தில் ஏற்காது. ஆகவே முதல் வேலையாக, வீட்டின் மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்றைப் பாருங்கள். 1975க்குப் பிந்தைய பதிவுகளைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் காசு கொடுக்காமலே பார்க்கலாம். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்க வேண்டும்.

வீடு உங்கள் அப்பச்சியின் (அப்பாவின்) சொந்தச் சம்பாத்தியம் என்றால் கணக்கு மாறும். உயில் எழுதியிருந்தால் உயில்படி. எழுதவில்லையென்றால் மகன், மகள் எல்லோருக்கும் சமமாக. குடியிருக்கும் வீட்டை ஆண்கள் பிரிக்க முன்வந்தால்தான் பெண்கள் பங்கு கேட்கலாம் என்று முன்பு அதே வாரிசுரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. வளவைச் (நடு முற்றத்தைச்) சுற்றி ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை என்று கட்டிய நம் வீடுகளில் பெண்களை அது கட்டிப்போட்டிருந்தது. அந்த 23ஆம் பிரிவையும் 2005இல் நீக்கிவிட்டார்கள்.

சீர் பற்றி. வெள்ளியும் பித்தளையும் எவ்வளவு அடுக்கி அனுப்பியிருந்தாலும் அது கல்யாணத்தில் கொடுத்த பொருள். அதைப் பங்குக்கு ஈடாகச் சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. பங்கு வேண்டாம் என்று உங்களுக்கே தோன்றினால் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். அது உங்கள் மனம், உங்கள் விருப்பம். சும்மா ஒரு கையெழுத்து என்று நீட்டும் காகிதத்தில் மட்டும் படிக்காமல் போடாதீர்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): ஐயா (தாத்தா) கட்டிய வீட்டில் இன்று முப்பது பங்குக்கு மேல். யாருக்கும் வர நேரமில்லை, ஒரே ஒருவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். இடித்து மனையாக விற்பதுதான் ஒரே வழி என்கிறார்கள்.

பதில்: அண்ணே, இடிப்பதற்கும் அத்தனை பேரின் சம்மதம் வேண்டுமே. அந்தச் சம்மதத்தை வாங்க முடிகிறவர்களால் வீட்டைக் காப்பாற்றவும் முடியும்.

முதலில் வம்சாவளியை ஒரு தாளில் எழுதுங்கள். யார் இறந்தார்கள், யாருக்கு வாரிசுச் சான்று இருக்கிறது, யார் பிள்ளை கூட்டிக்கொண்டார்கள் (தத்து எடுத்தார்கள்), எல்லாம் அதில் வரட்டும். சிறு பங்குக்காரர்கள் பலருக்குத் தங்கள் பங்கு எவ்வளவு என்றே தெரியாது. அதைத் தெளிவாகக் காட்டினால், பொறுப்பேற்க முன்வரும் இரண்டு மூன்று பேருக்கு விட்டுக்கொடுக்க நிறையப் பேர் சம்மதிக்கிறார்கள். சட்டம் சொல்லும் குடும்ப உறவுகளுக்குள் விடுதலைப் பத்திரம் எழுதினால் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பும் உண்டு. 2023 ஜூலையில் அதை 40,000 ரூபாயாக உயர்த்தினார்கள். யார் அந்த உறவுக்குள் வருவார், யார் வரமாட்டார் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாப் பங்காளியும் வரமாட்டார்கள்.

ஒருவர் மட்டும் முரண்டுபிடித்தால் 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் இன்றும் உதவும். பங்கு வழக்கு நடக்கும்போது, பிரிக்க வசதிப்படாத வீட்டை விற்றுப் பணமாகப் பிரிக்கும்படி பாதிக்குக் குறையாத பங்குடையவர்கள் கேட்கலாம். அப்படிக் கேட்டால், அவர்கள் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு வாங்கிக்கொள்ள மற்றப் பங்காளிகளுக்கு உரிமை உண்டு. அதே சட்டத்தின் நான்காம் பிரிவைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு, வீட்டைப் பிரி என்று வழக்குப் போட்டால், அந்தப் பங்கை நீங்கள் விலை கொடுத்து வாங்கிவிடலாம். ஒரு சிறு பங்கை வாங்கி மொத்த வீட்டையும் மடக்குகிற தரகர்களுக்கு இதுதான் தடை.

கேள்வி (ஆத்தங்குடி): பாதி விழுந்துவிட்ட வீட்டின் நிலைக்கதவையும் தூண்களையும் வெளிநாட்டுக்கு அனுப்ப ஒருவர் நல்ல விலை பேசுகிறார். எங்கள் பொருள்தானே, விற்கலாமா?

பதில்: பொருள் உங்களுடையது. ஆனால் 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிற்ப வேலையும், கட்டடத்தில் இருந்து பெயர்த்தெடுத்த பொருளும் 1972ஆம் ஆண்டின் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் ஏற்றுமதி செய்யவே கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. உள்நாட்டில் விற்பதையே தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். வாங்க வந்தவரிடம் முதலில் அதைக் கேளுங்கள். என் மனதைச் சொன்னால், பர்மா தேக்கில் தச்சர்கள் செதுக்கிய கதவு இன்னொரு செட்டிநாட்டு வீட்டுக்குப் போகட்டும். பழுதுபார்க்கிறவர்கள் பழைய மரத்தைத் தேடி அலைகிறார்கள்.

கேள்வி (சென்னை, பூர்விகம் கண்டனூர்): நாங்கள் சென்னைவாசிகள். பொங்கலுக்கும், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் ஊருக்கு வருவோம். ஓட்டை மட்டும் ஊரிலேயே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது தம்பி. வீடு சொந்தமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவரை அந்தத் தொகுதியில் வசிப்பவராகக் கருத முடியாது என்று 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 20ஆம் பிரிவில் நேராகவே சொல்கிறது. இரண்டு தொகுதியில் பெயர் வைத்திருப்பதும் தப்பு. பொய்யாக உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை. சென்னைக்கு மாற்ற படிவம் 8.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வழி உண்டு. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்காமல் இந்தியக் குடிமகனாகவே இருந்தால், பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் படிவம் 6ஏ மூலம் சேரலாம். ஓட்டுப் போட நேரில் வர வேண்டும்.

எனக்கு இந்தச் சட்டம் நியாயமாகத்தான் படுகிறது. குழாயில் தண்ணீர் வராத நாளில் குடத்தோடு நிற்பவர், சாக்கடை நாற்றத்தில் தூங்குபவர், இவர்கள்தான் இங்கே யார் கவுன்சிலர், யார் எம்எல்ஏ என்று தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி (சங்கராபுரம்): காரைக்குடி மாநகராட்சி ஆனதில் எங்களுக்கு லாபமா நஷ்டமா? ஊரில் எல்லோரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

பதில்: 2024 ஆகஸ்டில் காரைக்குடி மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளோடு உங்கள் ஊர் போன்ற ஊராட்சிகளும் அதில் சேர்ந்தன. சாலை, பாதாளச் சாக்கடை, குடிநீருக்குப் பெரிய திட்டங்களைக் கேட்டு வாங்கும் வாய்ப்பு கூடும். ஆனால் கூலி வேலை செய்கிற பெண்களுக்கு இது உடனடி இழப்பு. நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் அரசு வேலைத் திட்டம் ஊரகப் பகுதிக்கு மட்டும் உரியது. ஊராட்சி போனால் அந்த வேலையும் போகிறது, வருமானத்துக்கு அடுத்த வழி அதே வேகத்தில் வருவதில்லை. மாநகராட்சி வேண்டும் என்று பேசியவர்கள் அந்தப் பெண்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு இழப்பு கிராம சபை. எந்த வாக்காளரும் எழுந்து நின்று கணக்குக் கேட்கக்கூடிய இடம் அது. நகரத்தில் அதற்குப் பதிலாக வார்டு குழுவும் பகுதி சபையும் சட்டத்தில் உண்டு. உங்கள் வார்டில் அதைக் கூட்டச் சொல்லிக் கவுன்சிலரைக் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். என்னென்ன தேதியில் கூட்டினீர்கள், தீர்மான நகல் கொடுங்கள் என்று கேட்டால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும்.

வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கும் இதில் ஒரு வார்த்தை. ஓட்டு இல்லை என்றாலும் வரி உண்டு. அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் சொத்து வரியில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை தள்ளுபடி. பாக்கி வைத்துவிட்டு, ஊரில் தெருவிளக்கு எரியவில்லை என்று குழுவில் எழுதுவது சரியில்லை.

கேள்வி (காரைக்குடி, கல்லூரி மாணவி): யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்று ரீல்ஸ் பார்த்தேன். அப்புறம், செட்டிநாடு என்றால் பெரிய வீடுகள் மட்டும்தானா?

பதில்: கிடைக்கவில்லையம்மா. 2014இல் இந்தியா செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தது. அதில் இருப்பவை மட்டும்தான் பின்னால் உலகப் பாரம்பரியச் சின்னமாக முன்மொழியப்பட முடியும். அந்தப் பட்டியலால் பணமும் வராது, இடிப்பதைத் தடுக்கும் அதிகாரமும் வராது.

உன் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. பணம் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் நடந்த லேவாதேவியில் வந்தது, உண்மை. வீட்டை எழுப்பியவர்கள் கொத்தனார்களும் தச்சர்களும் சுண்ணாம்பு அரைத்த பெண்களும். ஆத்தங்குடியில் இன்றும் கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றி, சிமெண்ட்டும் மணலும் சேர்த்து, சூளை இல்லாமல் தண்ணீரில் ஊறவைத்துத் தரைக் கல் செய்கிறார்கள். கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓலைக் கொட்டான் (கூடை) பின்னுகிற பெண்கள் இருக்கிறார்கள். சுற்றுலா வருகிறவர் முகப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகும்போது இவர்கள் கைக்கு என்ன போகிறது? பாரம்பரியம் பற்றிய எந்தக் கூட்டத்திலும் நான் கேட்பது இதைத்தான்.

பணம் ஊருக்குத் திரும்பியதற்கு உன் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். யாருடைய பிள்ளை என்று கேட்காமல் அங்கே ஆராய்ச்சி நடக்கிறது.

கேள்வி (கோனாபட்டு): தனியாக இருக்கிறேன். பேரன் குரலிலேயே போன் வந்தது, போலீஸ் பிடித்துவிட்டது, பணம் அனுப்புங்கள் என்று. குரலைக்கூட மிஷின் செய்யுமா?

பதில்: செய்யும் ஆச்சி. சில நொடிப் பேச்சு கிடைத்தால் போதும். போனை வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பேரன் நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். போனிலேயே கைது செய்கிறோம் என்று மிரட்டும் டிஜிட்டல் கைது என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால்தான் அந்தக் கணக்கை முடக்க முடியும்.

கேள்வி (கோலாலம்பூர்): பங்கை விற்க ஊரில் உள்ள தம்பிக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும். நேரில் வர முடியாது.

பதில்: அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டுச் சான்று பெற்று அனுப்புங்கள். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பலர் அதைப் பீரோவில் வைத்துக் கெடுத்துவிடுகிறார்கள். எந்தச் சர்வே எண், எத்தனையில் ஒரு பங்கு, விற்கவா நிர்வகிக்கவா என்று பத்திரத்தில் தெளிவாக இருக்கட்டும். "என் எல்லாச் சொத்துகளும்" என்று எழுதவே எழுதாதீர்கள்.