கிராபிக்ஸ் கார்டு கடைசியில்தான்: கேம் உருவாக்கக் கணினி, கேள்வி-பதில்

சார், பட்ஜெட் எழுபதாயிரம். பாதியைக் கிராபிக்ஸ் கார்டுக்கே போடச் சொல்கிறான் நண்பன். கேம் உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் எஞ்சின் 5 கற்க வேண்டும். சரியா? (கல்லூரி மாணவர், ஈரோடு)

உங்கள் நண்பர் கேம் விளையாடுகிறவர் போலிருக்கிறது. விளையாடுகிறவருக்கு அது சரியான யோசனை. உங்களுக்கு அல்ல.

அன்ரியலில் ஒரு புராஜெக்டை முதல்முறை திறந்ததும், ‘கம்பைலிங் ஷேடர்ஸ்’ (ஒளி, நிறம் காட்டும் சிறு நிரல்களைத் தயார்செய்வது) என்று ஆயிரக்கணக்கில் ஒரு எண் ஓடும். அந்த வேலையைச் செய்வது புராசசர். சி++ மொழியில் நிரல் எழுதத் தொடங்கினால் ரேமும் சேர்ந்துகொள்ளும். அன்ரியலின் பில்ட் டூல், நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைல் வேலையைக் கோர்களுக்கு (புராசசருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்) பங்கு பிரிக்கும்போது ஒவ்வொரு வேலைக்கும் சுமார் 1.5 ஜிபி ரேம் வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. ஆறு கோர் என்றால் 9 ஜிபி. விண்டோஸ், எடிட்டர், விஷுவல் ஸ்டுடியோ, குரோமில் ஒரு டுடோரியல் வீடியோ எல்லாம் திறந்திருக்கும் 16 ஜிபி கணினியில் அவ்வளவு எங்கே மிஞ்சும்? டூல் தானாகவே இரண்டு மூன்று வேலையாகக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய மற்ற கோர்கள் சும்மா இருக்கும். அன்ரியலை உருவாக்கிய எபிக் நிறுவனமே 32 ஜிபி பரிந்துரைக்கிறது.

ஆகவே ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப் புராசசர், 32 ஜிபி ரேம், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்), நல்ல எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி). இவை போக மிஞ்சுவதில் கார்டு. 2025 கடைசியில் ரேம் விலை எகிறியதால் 32 எட்டாமல் போகலாம். அப்படியானால் 16 ஜிபி ஸ்டிக் ஒன்று மட்டும் போட்டு, அடுத்த ஸ்லாட்டைக் காலியாக விடுங்கள். இரண்டே ஸ்லாட் உள்ள போர்டில் 8+8 போட்டு அடைத்தால், பிறகு இரண்டையும் கழற்றி விற்க வேண்டியிருக்கும்.

கோடோ என்ற கேம் எஞ்சினில் 2டி கேம் செய்கிறேன். கார்டே இல்லாமல் முடியுமா அண்ணா? (திருநெல்வேலி)

தாராளமாக. ரைசன் 5 5600ஜி போதும். கடைசியில் உள்ள ‘ஜி’தான் முக்கியம். வெறும் 5600-இல் உள்ளமை கிராபிக்ஸ் (புராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ்) கிடையாது. இன்டெலில் நேர்மாறாக, ‘எஃப்’ என்று முடிந்தால் கிடையாது. கார்டும் இல்லாமல் அப்படிப்பட்ட புராசசரை வாங்கிவந்து, திரையில் படம் வராமல், மானிட்டர் கெட்டுவிட்டதோ என்று குழம்புகிறவர்கள் நிறைய.

ஈரோட்டுக்காரருக்கு ஒரே ஸ்டிக் போடச் சொன்னதை நீங்கள் பின்பற்ற வேண்டாம். உள்ளமை கிராபிக்ஸ் கணினியின் ரேமையே பயன்படுத்துவதால், 8 ஜிபி ஸ்டிக் இரண்டு போட்டு டூயல் சேனலில் (இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் முறை) ஓட்டினால்தான் வேகம். நான்கு ஸ்லாட் போர்டு என்றால் பெரும்பாலும் இரண்டாவதும் நான்காவதும். மேனுவலில் படமே இருக்கும். அப்புறம் பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) ரேமின் முழு வேகத்துக்கான எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால், 3200 என்று வாங்கிய ரேம் அதைவிடக் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

பழைய ஆர்டிஎக்ஸ் 3060 கார்டா, புது 4060-ஆ? (கோயம்புத்தூர்)

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளும் பெரிய டெக்ஸ்சர்களும் (பொருட்களின் மேற்பரப்புப் படங்கள்) கையாள்வீர்கள் என்றால் 12 ஜிபி உள்ள 3060. சீன் கார்டின் நினைவகத்துக்குள் அடங்காவிட்டால் 8 ஜிபி 4060-இன் வேகம் உதவாது. ஆனால் 3060-இல் 8 ஜிபி மாடலும் உண்டு. பெட்டியை நம்பாமல், கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். 3060 வந்தது 2021-இல். கிரிப்டோ மைனிங்கில் இரவுபகலாக ஓடிய கார்டாக இருக்கலாம். விற்பவர் முன்னாலேயே கார்டை முழு வேகத்தில் ஓட்டும் ஸ்ட்ரெஸ் டெஸ்டை அரை மணி நேரம் ஓட்டி, வெப்பத்தையும் ஃபேன் சத்தத்தையும் கவனியுங்கள். தயங்கினால் கிளம்பிவிடுங்கள். பில்லும் வாரண்டியும் வேண்டும் என்றால் 4060. மின்சாரமும் குறைவாக இழுக்கும்: அது 115 வாட், 3060 170 வாட்.

ரைசன் புராசசர் பொருந்தும் ஏஎம்4 சாக்கெட் பழசாகிவிட்டதே, ஏஎம்5 போகலாமா?

காசு இருந்தால் போகலாம். டிடிஆர்5 என்ற புதுத் தலைமுறை ரேம் மட்டுமே ஏற்கும் என்பதால் போர்டு, ரேம் இரண்டுக்கும் கூடுதல் செலவு. அந்தச் செலவால் 32 ஜிபி 16 ஆகிவிடும் என்றால் வேண்டாம்.

எங்கள் ஊரில் அடிக்கடி கரண்ட் போகும். 600 விஏ யூபிஎஸ் தாங்குமா? (அரியலூர்)

600 விஏ என்று பெட்டியில் பெரிதாக இருந்தாலும், பெரும்பாலானவை தருவது 360 வாட்தான். 3060-ஐ முழு வேகத்தில் ஓட்டினால் கார்டும் புராசசருமே 250 வாட் வரை இழுக்கும். போர்டு, மானிட்டர் எல்லாம் சேர்ந்தால் விளிம்பைத் தொட்டுவிடும். கார்டு இல்லாத கணினிக்கு 600 போதும், கார்டு இருந்தால் 1000 விஏ. எதுவானாலும் சேவ் செய்து அணைக்கச் சில நிமிடம், அவ்வளவுதான். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள். ‘80 பிளஸ்’ முத்திரைகூட மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது, தரத்துக்கு உத்தரவாதம் அல்ல.

ஐபோனுக்கும் கேம் வெளியிட ஆசை. (சென்னை)

ஐபோன் ஆப் தயாரிக்கும் ஆப்பிளின் எக்ஸ்கோட் மென்பொருள் மேக் கணினியில் மட்டுமே ஓடும். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலரும் கட்ட வேண்டும். கூகுள் பிளேயில் ஒரே ஒருமுறை 25 டாலர். முதல் கேமை ஆண்ட்ராய்டில் வெளியிடுங்கள்.