45 சதவீதம் ஆளலாம், 57 சதவீதம் போதாது: ஆளும் உரிமைக்கு எது நியாயம்?

தேர்தலில் வென்றது என்பதைத் தவிர ஓர் அரசுக்கு ஆளும் நியாயம் என்று தனியாக ஏதேனும் தேவையா, நேரடி மக்களாட்சி, பிரதிநிதித்துவ மக்களாட்சி, கலந்தாய்வு மக்களாட்சி ஆகிய மூன்றில் எது அதிக நியாயமுடையது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாட ஆட்சிக்கு, அதாவது வரி விதிக்கவும் சட்டம் இயற்றவும், தேர்தல் வெற்றி போதும். வெற்றி என்றால் என்ன என்று தீர்மானிக்கும் விதியை வகுப்பதற்கு அந்த வெற்றி போதாது. நீங்கள் குறிப்பிட்ட மூன்று மாதிரிகளும் உண்மையில் மோதிக்கொள்வது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

கோட்பாடுகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன், பாடநூல்களில் அவை விரிவாகவே கிடைக்கின்றன. மக்கள் ஏன் கீழ்ப்படிகிறார்கள் என்பதற்கு ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் மூன்று அடிப்படைகளைக் காட்டினார்: மரபு, தலைவரின் தனிப்பட்ட ஈர்ப்பு, சட்டவழி ஒழுங்கு. இது நடப்பை விவரிக்கும் வகைப்பாடு. கீழ்ப்படிவது சரியா என்ற கேள்விக்கு இதில் விடை இல்லை. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் அந்தக் கேள்விக்குச் சம்மதம் என்று விடை சொன்னார். ஒரு நாட்டில் குடியிருந்து அதன் சாலையில் நடப்பதே மறைமுகச் சம்மதம் என்பது அவர் வாதம். தூக்கத்தில் கப்பலில் ஏற்றப்பட்ட ஒருவன் கடலில் குதித்துச் சாகாமல் கப்பலிலேயே இருப்பதால் கப்பல் தலைவனின் அதிகாரத்துக்கு அவன் சம்மதித்துவிட்டதாகச் சொல்ல முடியுமா என்று 1748இல் ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் கேட்டதற்கு இன்றுவரை முழுமையான பதில் வரவில்லை என்பது என் கருத்து. பிறகு வந்தவர்களில் ரூசோ, மக்கள் தாமே முடிவெடுத்தால்தான் அது அவர்களுடைய சட்டம் என்றார்; இது நேரடி மக்களாட்சியின் வாதம். மக்கள் வாக்குகளுக்காகத் தலைவர்கள் போட்டியிட்டு அதிகாரம் பெறும் ஏற்பாடே மக்களாட்சி, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று 1942இல் பொருளியல் அறிஞர் ஷும்பீட்டர் எழுதினார்; இது பிரதிநிதித்துவ மக்களாட்சியின் வாதம். காரணங்களைப் பொதுவில் வைத்து வாதிட்டு வந்த முடிவுக்கே நியாயம் உண்டு என்பது ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஹாபர்மாஸ் வழி; இது கலந்தாய்வு மக்களாட்சியின் வாதம்.

இந்த மூன்று மாதிரிகளையும் தனித்தனியாகப் படித்தால் மூன்றுமே சரியாகத் தோன்றும். ஒரே ஊரில், ஒரே கேள்வியின் மேல் மூன்றும் இறங்கினால் என்ன ஆகும் என்பதைக் காட்ட, கனடாவின் மேற்குக் கோடியில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

அங்கே நம்மைப் போலவே தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு வாங்கியவரே வென்றவர் என்ற முறைதான். 1996 தேர்தலில் லிபரல் கட்சி 41.8 சதவீத வாக்குகளைப் பெற்றும் தோற்றது, 39.5 சதவீதம் பெற்ற புதிய ஜனநாயகக் கட்சி 75 இடங்களில் 39ஐப் பிடித்து ஆட்சியமைத்தது. அடுத்த தேர்தல் 2001இல். இம்முறை லிபரல் கட்சிக்கு 57.6 சதவீத வாக்கு, 79 இடங்களில் 77. இருபது சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கிய எதிர்க்கட்சிக்கு இரண்டே இடங்கள். 12 சதவீதம் வாங்கிய பசுமைக் கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. 1996இல் அதிக வாக்கு வாங்கித் தோற்ற அதே கோர்டன் கேம்பல்தான் இப்போது முதல்வர். அசாதாரணமான ஒரு காரியத்தை அவர் செய்தார்: தம்மை அரியணையில் ஏற்றிய தேர்தல் முறையை ஆராயும் பொறுப்பைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட சாதாரணக் குடிமக்களின் பேரவை ஒன்றிடம் ஒப்படைத்தார்.

அந்தக் குலுக்கலைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது நல்லது. வாக்காளர் பட்டியலிலிருந்து ஒவ்வொரு தொகுதிக்கும் முதலில் 200 பேர் வீதம் தேர்ந்தெடுத்துக் கடிதம் அனுப்பினார்கள். விருப்பம் தெரிவித்தவர்களைக் கூட்டத்துக்கு அழைத்து, வேலை என்ன, எவ்வளவு காலம் என்று விளக்கிய பிறகும் சம்மதித்தவர்களின் பெயர்களிலிருந்து தொகுதிக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று குலுக்கி எடுத்தார்கள். அப்படி 158 பேர். பழங்குடியினர் சார்பில் மேலும் இருவர். ஆக 160 பேரும் ஒரு தலைவரும். கட்சி வேலையில் இருப்பவர்களுக்கு இடமில்லை. 2004 ஜனவரி முதல் வார இறுதிகளில் வான்கூவரில் கூடி உலகின் தேர்தல் முறைகளைப் படித்தார்கள். மே, ஜூன் மாதங்களில் மாகாணமெங்கும் ஐம்பது பொதுக் கூட்டங்களில் மக்கள் சொன்னதைக் கேட்டார்கள். இலையுதிர் காலத்தில் விவாதித்து வாக்களித்தார்கள். நடப்பு முறையை மாற்ற வேண்டும் என்று 142 பேர், வேண்டாம் என்று 11 பேர். இறுதிப் பரிந்துரைக்கு ஆதரவாக 146, எதிராக 7.

அவர்கள் பரிந்துரைத்தது ஒற்றை மாற்று வாக்கு முறை. நம் மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிறார்களே, அதே வகைதான். அங்கே பொது வாக்காளரே அப்படி எழுதி, ஒரு தொகுதியிலிருந்து இரண்டு முதல் ஏழு பேர் வரை தேர்ந்தெடுப்பார்கள்.

இந்தப் பரிந்துரை மக்கள் வாக்கெடுப்புக்குச் செல்லும், ஆனால் மாகாணம் முழுவதும் 60 சதவீத ஆதரவும், தொகுதிகளில் 60 சதவீதத்தில் பெரும்பான்மையும் கிடைத்தால்தான் அரசு அதற்குக் கட்டுப்படும் என்பது பேரவை வேலையைத் தொடங்கும் முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. 2005 மே 17 அன்று பொதுத் தேர்தலோடு சேர்த்தே வாக்கெடுப்பும் நடந்தது. ஆம் என்றவர்கள் 57.7 சதவீதம். 79 தொகுதிகளில் 77இல் ஆம் என்பதற்கே பெரும்பான்மை. அதாவது, 2001இல் லிபரல் கட்சிக்குக் கிடைத்த வாக்கு விழுக்காடும் தொகுதிக் கணக்கும் ஏறக்குறைய அப்படியே திரும்பி வந்தன. அன்று அது வரலாறு காணாத மக்கள் தீர்ப்பு. இன்று அது தோல்வி. அதே நாளில், அதே வாக்குச் சாவடிகளில், 45.8 சதவீத வாக்குகளோடு லிபரல் கட்சி 46 இடங்களை வென்று மறுபடியும் ஆட்சியமைத்தது.

வகுப்பில் பாடம் எடுக்கும்போது நாட்டின் பெயரைச் சொல்லாமல் இந்த எண்களை மட்டும் பலகையில் எழுதி, எந்த முடிவு நியாயமானது என்று மாணவர்களைக் கேட்பது என் வழக்கம். பெரும்பாலும் 60 சதவீத விதியை மோசடி என்றே சொல்வார்கள். அது மோசடி என்று நான் கருதவில்லை. ஆட்டத்தின் விதியை மாற்ற ஆட்டத்தில் வெல்வதைவிட அகலமான ஆதரவு வேண்டும் என்பது மதிக்கத்தக்க வாதம்தான். நம் அரசமைப்புச் சட்டத் திருத்தத்துக்கும் வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. அந்த வரம்பு முன்கூட்டியே சொல்லப்பட்டது என்பதும் உண்மை.

என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. புதிய விதிக்கு 60 சதவீதம் கேட்பவர், பழைய விதி எத்தனை சதவீதத்தோடு வந்தது என்று சொல்லக் கடமைப்பட்டவர். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதற்கு விடை இருக்கிறது, அது சங்கடமான விடை. 1950களின் தொடக்கத்தில் அங்கே ஆட்சியிலிருந்த லிபரல், கன்சர்வேட்டிவ் கூட்டணி, இடதுசாரிக் கட்சி ஆட்சிக்கு வந்துவிடாமல் தடுக்கும் நோக்கத்தோடு விருப்ப வரிசை வாக்கு முறையைக் கொண்டுவந்தது. 1952 தேர்தல் அந்த முறையில் நடந்தது. இடதுசாரிகள் வரவில்லை, ஆனால் கூட்டணியினரும் வரவில்லை, யாரும் பெரிதாக எதிர்பார்க்காத சோஷியல் கிரெடிட் கட்சி 19 இடங்களோடு, இடதுசாரிகளைவிட ஒரே ஓர் இடம் கூடுதலாகப் பெற்று ஆட்சியமைத்தது. 1953 தேர்தலும் அதே முறையில் நடந்த பிறகு, அந்தக் கட்சியின் அரசு பழைய முறையைச் சாதாரணச் சட்டம் ஒன்றின் மூலம் திருப்பிக் கொண்டுவந்தது. பேரவை இல்லை, மக்கள் வாக்கெடுப்பு இல்லை, 60 சதவீதம் இல்லை. 2005இல் 57.7 சதவீத மக்களால் அசைக்க முடியாமல் போன விதி அப்படி வந்ததுதான். அதற்கு 60 சதவீதப் பாதுகாப்பு கொடுத்ததும், 77க்கு 2 என்று அதே விதியால் உருவான சட்டமன்றம்தான். ஷும்பீட்டரின் மாதிரி இந்த இடத்தில் கைவிரித்துவிடுகிறது: போட்டியில் வென்றவர் ஆளலாம் என்று அவர் சொல்வார், போட்டியின் அளவுகோலை யார் வெட்டித் தருவது என்று சொல்ல மாட்டார்.

குலுக்கல் என்றதும் உத்திரமேரூர்க் கல்வெட்டும் குடவோலையும் பலருக்கு நினைவுக்கு வரும். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் முப்பது குடும்புகளிலிருந்து (ஊரின் பிரிவுகள்) ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்த முறை, ஆளும் நியாயம் பற்றிய நுட்பமான சிந்தனை என்பதில் ஐயமில்லை. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டார்கள் என்பது இன்றைக்கும் பொறாமைப்பட வைக்கும் விதி. ஆனால் அது பிரமதேயம் எனப்படும், பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட ஊரின் பிராமணச் சபை. வரி செலுத்தும் நிலமும் வேதப் பயிற்சியும் உடையவர்களின் பெயர்கள் மட்டுமே குடத்துக்குள் போயின. குலுக்கலின் நியாயம் எடுக்கும் கையில் பாதி, குடத்துக்குள் எவருடைய பெயர் இருக்கிறது என்பதில் பாதி. இந்தக் குறை வான்கூவரிலும் முற்றாக நீங்கவில்லை: ஓர் ஆண்டு வார இறுதிகளை விட்டுக்கொடுக்க முடிந்தவர்கள்தாம் பேரவையில் அமர்ந்தார்கள்.

அப்படியிருந்தும் 2005இல் 57.7 சதவீதம் எப்படி வந்தது? அந்த வாக்கெடுப்பை ஆராய்ந்த அரசியல் அறிஞர்கள் கண்டது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒருவருக்கு விழுந்த வாக்கு அடுத்த விருப்பத்தவருக்கு மாறும் கணக்கின் நுணுக்கம் புரியாத பலர்கூட, இதைப் பரிந்துரைத்தவர்கள் நம்மைப் போன்றவர்கள், இதில் அவர்களுக்குச் சொந்த லாபம் எதுவும் இல்லை என்பதை அறிந்தபோது ஆதரவு பக்கம் சாய்ந்தார்கள். வாக்குச் சீட்டிலேயே குடிமக்கள் பேரவை பரிந்துரைத்த முறை என்று அச்சிடப்பட்டிருந்தது. கலந்தாய்வு மாதிரியை விமர்சிப்பவர்கள், 160 பேர் விவாதித்தால் மீதி நாற்பது லட்சம் பேருக்கு என்ன என்று கேட்பார்கள். அதற்கு இங்கே ஒரு பகுதி விடையாவது கிடைக்கிறது.

ஆனால் இதையும் மிகைப்படுத்தக் கூடாது. அதே பரிந்துரை 2009 மே மாதம் மறுபடி வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவு 39 சதவீதமாகச் சரிந்தது. அதற்குள் பேரவை பழங்கதையாகிவிட்டது. புதிய முறைக்கான தொகுதி வரைபடமும் இம்முறை மக்கள் முன் இருந்தது. இரு தரப்புப் பிரசாரத்துக்கும் பொதுப் பணம் தலா ஐந்து லட்சம் டாலர் தரப்பட்டது. 2018இல் வேறொரு அரசு 60 சதவீதத் தடையை நீக்கிச் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று அறிவித்து, பேரவை எதையும் கூட்டாமல், தானே தயாரித்த கேள்விகளோடு அஞ்சல் வழி வாக்கெடுப்பு நடத்தியது, 61.3 சதவீதம் பேர் பழைய முறையே போதும் என்றார்கள். 1950களில் சட்டமன்றம் தானாகக் கொண்டுவந்த முறைக்கு, அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து மக்கள் நேரடியாக ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அந்த முறை பிடிக்காது; ஆனாலும் 2005இல் அதன் நியாயத்தை எதிர்த்து நான் வைக்கும் வாதத்தை 2018க்குப் பிறகு அதே வலுவோடு வைக்க முடியாது.

எனவே மூன்று மாதிரிகளையும் வரிசைப்படுத்தி முதலிடம் கொடுக்கச் சொன்னால் மறுப்பேன். அவற்றுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னால் முயல்வேன். விதியை எழுதும் வேலை, அந்த விதியால் பதவி பெறாதவர்களிடம் இருக்க வேண்டும். அதற்குக் குலுக்கல் பேரவை பொருத்தமானது. அதை ஏற்கும் உரிமை மக்கள் எல்லாருக்கும். அதன்படி வென்று ஆண்டு பதில் சொல்லும் பொறுப்பு பிரதிநிதிகளுக்கு. எத்தனை சதவீத ஆதரவு வேண்டும் என்ற வரம்பையும் குலுக்கல் பேரவையிடமே விட்டிருந்தால் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கதை வேறாகியிருக்கலாம்.

2014இல் 31 சதவீத வாக்குகளோடு 282 இடங்கள் பெற்று அமைந்த ஒன்றிய அரசு நியாயமானதா என்றும் கேட்டிருந்தீர்கள். எல்லாரும் அறிந்து போட்டியிட்ட விதியின்படி வென்றதால் அதற்கு ஆளும் உரிமை இருந்தது. 1984இல் ஐம்பது சதவீதத்தைத் தொடாமலே நானூறுக்கு மேல் வென்ற காங்கிரசுக்கும் இருந்தது. ஆளும் நியாயம் குறித்துக் கேள்வி எழுப்ப வேண்டிய இடம் நம் வீட்டருகிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் மாநகராட்சி மேயரை 1996இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் அந்த உரிமை மாமன்ற உறுப்பினர்களுக்குப் போனது. 2011இல் மக்களிடம் திரும்பி வந்தது. 2019 நவம்பரில் அவசரச் சட்டம் ஒன்றின் மூலம் மறுபடியும் உறுப்பினர்களிடம் போய், 2022 தேர்தல் அப்படியே நடந்தது. இரண்டு கட்சிகளும் இரண்டு முறைகளையும் பயன்படுத்தியிருக்கின்றன; ஒவ்வொரு மாற்றத்தையும் அப்போது கோட்டையில் இருந்தவர்கள்தாம் செய்தார்கள்.