‘இன்னும் சாப்பிடலம்மா’: மாட்ரிட் போகும் மகளின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

திண்டுக்கல்லிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு மாட்ரிட்டில் முதுகலைக்கு இடம் கிடைத்துவிட்டது, விசாவும் வந்துவிட்டது, செப்டம்பர் முதல் வாரம் விமானம். படிப்பு, கட்டணம் எல்லாம் பேசி முடித்த பிறகு இப்போது மூன்று கேட்டிருக்கிறீர்கள். சாப்பாட்டுக்கு என்ன செய்வாள், பாடம் இங்கிலீஷில்தானே, ஸ்பானிஷ் எதற்கு, ராத்திரியில் வெளியே போனால் பயமில்லையா. மூன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்று: கடிகாரம்.

இந்தியாவுக்கும் ஸ்பெயினுக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. இதைப் பிள்ளைகள் போனில் பார்த்துக்கொள்வார்கள். போனில் தெரியாத வித்தியாசம் வேறு. மாட்ரிட்டில் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான். மூன்று என்றாலும் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். இரவுச் சாப்பாடு ஒன்பதரை, பத்து. வயசுப் பிள்ளைகளின் சேட்டை என்று நினைக்காதீர்கள், அங்கே பாட்டிகளும் அப்படித்தான். வரைபடத்தில் பாருங்கள், மாட்ரிட் லண்டனுக்கும் மேற்கே தள்ளி இருக்கிறது. சூரியன் சொல்கிறபடி என்றால் லண்டன் நேரம்தான் இருக்க வேண்டும். 1940இல் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் யாரும் திருப்பி வைக்கவில்லை. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதே முக்கால் வரை சூரியன் மறையாது. பகல் வெளிச்சத்தில் யாருக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கும்? இது ஒன்றே காரணம் இல்லை, ஆனால் பெரிய காரணம்.

இதில் உங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். நீங்கள் இரவு பத்து மணிக்குப் படுக்கப் போகும் முன் அழைத்து “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்பீர்கள். அங்கே மணி ஐந்தரை அல்லது ஆறரை. “இன்னும் சாப்பிடலம்மா” என்பாள். மறுநாளும் அதே பதில். ஒரு மாதம் இப்படிப் போனால், மகள் பட்டினி கிடக்கிறாள் என்ற எண்ணத்தோடுதான் தினமும் தூங்குவீர்கள். நான் மிகைப்படுத்தவில்லை. இதே காரணத்துக்காக என்னிடம் அழுத அம்மாக்கள் உண்டு.

பிள்ளைகளுக்கு நடப்பது இதைவிட மோசம். சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஆலோசனை கேட்டுப் போன ஒரு பையன் ஊர் நேரத்தையே பிடித்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டரைக்குச் சமைத்துச் சாப்பிடுவான், ஏழரைக்கு இரவுச் சாப்பாடு, பத்துக்கு உறக்கம். ஒழுக்கமான பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வகுப்பில் மற்றவர்கள் மூன்று மணிக்குச் சேர்ந்து சாப்பிடும்போது இவனுக்குப் பசி இருக்காது. ஒன்பது மணிக்கு அவர்கள் வெளியே கூப்பிடும்போது தூக்கம் வந்துவிடும். நான்கு மாதத்தில் ஒரு நண்பன்கூடக் கிடைக்கவில்லை. ஸ்பானியர்கள் ஒட்ட மாட்டார்கள் என்று எனக்கு எழுதினான். ஒட்டுகிற நேரத்தில் அவன் அங்கே இல்லை, அவ்வளவுதான். அங்கே சாப்பிட்டு முடித்த மேசையை விட்டு உடனே எழ மாட்டார்கள். தட்டு காலியான பிறகும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள். அதற்கு ‘சொப்ரேமேசா’ என்று தனிப் பெயரே இருக்கிறது. நட்பு உண்டாகும் இடம் அதுதான்.

ஆகவே போய் இறங்கிய முதல் வாரமே அவள் வயிறு மாட்ரிட் நேரத்துக்கு மாறட்டும். காலையில் கொஞ்சமாக, பதினொரு மணிக்கு ஒரு சின்ன ரொட்டி, மூன்று மணிக்கு வயிறார, ஆறு மணிக்கு ‘மெரியெந்தா’, ஒன்பதரைக்கு லேசாக. மெரியெந்தா என்றால் வேறொன்றுமில்லை, நம்ம நாலு மணி காபி பலகாரம். அகாலத்தில் பசித்தால் கைகொடுக்கப் பையில் ஏதாவது இருக்க வேண்டும், ஏனென்றால் பல உணவகங்களில் மாலை நாலரைக்கு அடுப்பை அணைத்தால் எட்டரைக்குத்தான் திரும்பப் பற்றவைப்பார்கள். (மதியம் ஊரே தூங்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாட்ரிட்டில் வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு வந்து படுப்பதில்லை.)

சரி, சாப்பாடு. உங்கள் மகள் சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். முடியும், ஆனால் கேட்கும் விதம் தெரிய வேண்டும். ‘கார்னே’ என்ற சொல்லுக்கு இறைச்சி என்று பொருள். “கார்னே வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் சூரை மீன் போட்ட சாலட் வரும், அல்லது மேலே ‘ஹாமோன்’ தூவிய ஏதாவது வரும். ஹாமோன் என்பது பதப்படுத்திய பன்றித் தொடை. அங்கே பலருக்கு அது இறைச்சிக் கணக்கிலேயே சேராது, நம்ம ஊரில் சிலருக்கு முட்டை மாதிரி. பருப்புக் குழம்பு போலிருக்கும் ‘லென்தேஹாஸ்’ஸைப் பார்த்து ஆசைப்படலாம், அதிலும் பெரும்பாலும் பன்றித் தொத்திறைச்சித் துண்டு கிடக்கும். “இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், ஹாமோன் வேண்டாம்” என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லப் பழகட்டும்: ‘நி கார்னே, நி பெஸ்காதோ, நி ஹாமோன்’. முட்டை சாப்பிடுவாள் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துச் சுடும் ‘தொர்தில்யா’ எந்தக் கடையிலும் கிடைக்கும், மலிவும்கூட.

சமைப்பதற்கு மாட்ரிட் கஷ்டமான ஊர் இல்லை. ‘அர்ரோஸ் வபொரிசாதோ’ என்று எழுதிய அரிசிப் பாக்கெட்டை எடுத்தால் அதுதான் புழுங்கலரிசி. நம்ம இட்லி அரிசி ருசி வராது, ஆனால் சாதம் உதிரியாக வரும், தயிருக்கும் ரசத்துக்கும் சரியாகவே இருக்கும். கொண்டைக்கடலையும் பருப்பும் அவர்களே நிறையச் சாப்பிடுகிறார்கள். லவாபியேஸ் என்ற பேட்டையில் வங்காளதேசத்தவர், இந்தியர் நடத்தும் மளிகைக் கடைகள் இருக்கின்றன. துவரம்பருப்புக்கும் புளிக்கும் அங்கே போகலாம். குக்கரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், ஸ்பானிய வீடுகளில் அது சாதாரணச் சாமான். அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், இண்டக்‌ஷன் அடுப்பாக இருந்தால் சூடே ஏறாது.

பெட்டியில் வைக்கக் கூடாதது ஒன்று உண்டு. எல்லா அம்மாக்களும் அதைத்தான் வைப்பார்கள். நெய். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பால் பொருள், இறைச்சி எதையும் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, பால் சேர்த்த இனிப்பு எல்லாம் விமான நிலையக் குப்பைத் தொட்டிக்குப் போகும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். பொடி வகைகள், ஊறுகாய், வடகம் தாராளமாக வையுங்கள்.

இரண்டாவது, மொழி. பாடம் இங்கிலீஷில் நடக்கும். வீட்டுக்காரர், மருந்துக்கடை, நகராட்சி அலுவலகம், வகுப்பு முடிந்த பின் நடக்கும் பேச்சு, இவை எதுவும் இங்கிலீஷில் நடக்காது. என் கணிப்பில் வெளிநாட்டில் பிள்ளைகள் உடைவது குளிராலோ சாப்பாட்டாலோ இல்லை. இங்கே வகுப்பில் முதலாவதாக வந்த பெண், வாய் ஓயாமல் பேசியவள், அங்கே ஒரு கடையில் நின்று கையால் சுட்டிக்காட்டி ரொட்டி கேட்கிறாள். திடீரென்று மூன்று வயதுக் குழந்தை ஆகிவிடுகிறாள். யார்மீதும் கோபப்பட முடியாத அவமானம் அது. கிளம்ப இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அடிப்படை நிலையைத் தாண்டிவிடலாம். உடை வாங்கும் பணத்தில் கொஞ்சத்தை ஆசிரியருக்குக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். படிப்பு முடிந்து அங்கேயே வேலை தேடினாலும் முதல் கேள்வி ஸ்பானிஷ் எவ்வளவு என்பதாகத்தான் இருக்கும். படிக்கும்போது வாரம் 30 மணி நேரம் வரை வேலை பார்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. வாய் திறக்காதவருக்கு அந்த வேலையும் எளிதில் கிடைக்காது.

மொழியோடு சேர்ந்த பழக்கங்களும் உண்டு, அவற்றில் பாதி நமக்குப் பழகியவைதான். கடைக்காரர் “தீமே” என்பார், ‘சொல்லு’ என்று அர்த்தம். லண்டன் போய் வந்த பிள்ளைக்கு இது முரட்டுத்தனமாகத் தோன்றும். நம்ம காய்கறிக் கடையில் யார் வரிக்கு வரி நன்றி சொல்கிறார்கள்? காய் நிறுக்கும் அம்மாள் உங்கள் மகளை ‘ஈஹா’ என்று கூப்பிடலாம், மகளே என்று பொருள். ‘குவாபா’ என்றும் கூப்பிடுவார், அழகி என்று. நம்ம ஊர் ‘கண்ணு’, ‘தாயி’ மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நான்கு பேர் ஒரே நேரத்தில் சத்தமாகப் பேசினால் சண்டை இல்லை, பேச்சு. கடையில் வரிசையே கண்ணுக்குத் தெரியாது. உள்ளே நுழைந்ததும் “கியென் எஸ் எல் உல்திமோ?”, அதாவது கடைசி ஆள் யார் என்று கேட்க வேண்டும். கையைத் தூக்கியவருக்குப் பிறகு நம் முறை. பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அதுவும் ‘நீ’ என்று. முதல் மாதம் நாக்கு கூசும். அறிமுகமாகும்போது இரண்டு கன்னத்திலும் முத்தம் வைப்பது வழக்கம். பிடிக்கவில்லை என்றால் முந்திக்கொண்டு கையை நீட்டிவிட்டால் போதும், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

காகித வேலையில் ஒரு விஷயம் நம் பிள்ளைகளை மட்டும் வந்து கடிக்கும். ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர், ஒன்று அப்பா வழி, ஒன்று அம்மா வழி. எல்லாப் படிவத்திலும் இரண்டு கட்டம் இருக்கும். நமக்கோ இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருந்தால், அங்கே அவளை ‘செனோரா முருகேசன்’ என்று கூப்பிடுவார்கள், அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். சிரிப்பு ஒருபக்கம், சேர்க்கைக் கடிதம், காப்பீடு, வங்கி, அடையாள அட்டை எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்து, அதே வரிசை இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தங்குபவர்கள் நாட்டுக்குள் நுழைந்த ஒரு மாதத்துக்குள் ‘தியே’ என்ற வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும், ‘எம்பாத்ரோனாமியெந்தோ’ என்பார்கள். சில வீட்டுக்காரர்கள் இந்தப் பதிவுக்கு ஒத்துக்கொள்வதில்லை. முன்பணம் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும். வீட்டைப் பார்க்காமலே பணம் அனுப்பச் சொல்கிறவர் எவராக இருந்தாலும் அனுப்பாதீர்கள்.

மூன்றாவது, ராத்திரி. பத்து மணிக்கு மாட்ரிட் தெருவில் குழந்தைகள் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள், பெஞ்சில் தாத்தா பாட்டி உட்கார்ந்திருப்பார்கள். மெட்ரோ பெரும்பாலான நாட்களில் காலை ஆறு முதல் இரவு ஒன்றரை வரை ஓடும். அதற்குப் பிறகு சிபேலெஸ் சதுக்கத்திலிருந்து ‘ஆந்தை’ என்று பெயரிட்ட இரவுப் பேருந்துகள் உண்டு. 26 வயது ஆகும்வரை இளைஞர் பயண அட்டை கிடைக்கும், வழக்கமான மாதக் கட்டணம் 20 யூரோ. பயப்பட வேண்டியது பிக்பாக்கெட்டுக்கு. மெட்ரோவிலும் சோல் சதுக்கத்திலும் போனைப் பின்பையில் வைக்கக் கூடாது, ‘தியே’ அட்டை கைக்கு வந்த பிறகு பாஸ்போர்ட் வீட்டில் இருக்கட்டும். அவசரத்துக்கு 112. நண்பர்கள் கூடுவது பெரும்பாலும் பாரில்தான், இது உங்களுக்கு உறுத்தும் என்று தெரியும். அங்கே பார் என்பது காலையில் காபி குடிக்கும் இடமும்கூட. ‘மோஸ்தோ’ என்று கேட்டால் திராட்சைச் சாறு வரும், ஏன் குடிக்கவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். ‘கிளாரா’ என்று கேட்டால் மட்டும் எலுமிச்சை கலந்த பீர் வந்துவிடும்.

கடைசியாக, உங்கள் போன். தினமும் அழைக்காதீர்கள் என்று சொன்னால் கேட்க மாட்டீர்கள், சொல்லவும் இல்லை. பகலில் எப்போது வேண்டுமானாலும் குரல் செய்தி அனுப்புங்கள், அவள் நேரம் பார்த்துக் கேட்பாள். முகம் பார்த்துப் பேசுவதை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். அவளுக்கு மதியம் பன்னிரண்டு, எழுந்து குளித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கும். உங்களுக்கு மாலை மூன்றரை. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அன்றிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறுக்கு முன்புவரை உங்களுக்கு நாலரை. அடுப்படி நாள்காட்டியில் இப்போதே குறித்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த ஒரு மணி நேரமும் போனை எடுக்கவில்லையே என்று பதறிக்கொண்டிருப்பீர்கள்.