விமான விபத்தைப் பார்த்துவிட்டு ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. பல்லாவரத்தில் குடியிருக்கிறோம். அகமதாபாத்தில் விமானம் விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து நான் பழைய ஆளாக இல்லை. வீட்டுக்கு மேலே விமானம் போனாலே உடம்பு தூக்கிப் போடுகிறது. தூக்கம் இல்லை. சில நாட்களாகப் படபடப்பு, இடது கையில் மரமரப்பு. மாரடைப்பின் அறிகுறி என்று இணையத்தில் படித்தேன். ஒரு நொடியில் எல்லாம் போய்விடும்போது எதற்கு இத்தனை ஓட்டம் என்று தோன்றிவிட்டது. பல வருடம் பேசாதிருந்த தம்பி வீட்டுக்கு நானே போனேன். பத்திரங்களை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிட்டுவந்த அட்டெனலாலைப் போன வாரம் நிறுத்தினேன். தூக்கத்துக்கு மட்டும் கடையில் அல்ப்ரசோலம் வாங்கிப் போடுகிறேன். இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான் என்ற பக்குவம் வந்துவிட்டது. எனக்கு வந்திருப்பது மனநோயா, இதய நோயா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: மாத்திரையை நிறுத்தியது எந்த நாள், படபடப்பு தொடங்கியது எந்த நாள் என்று நாட்காட்டியைப் பாருங்கள். அட்டெனலால் இதயத் துடிப்பை அடக்கிவைக்கும் மருந்து. நெடுநாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த துடிப்பு சீறிக்கொண்டு எழும், ரத்த அழுத்தமும் ஏறும். இதய ரத்தக் குழாயில் ஏற்கெனவே அடைப்பு இருப்பவருக்கு இதுவே மாரடைப்பில் கொண்டுபோய் விடலாம். இணையத்தில் இவ்வளவு தேடிய நீங்கள் இந்த ஒன்றைத் தேடவில்லையே! இன்றே மருத்துவரிடம் போய் ரத்த அழுத்தம் பாருங்கள், ஈ.சி.ஜி. எடுங்கள். மாத்திரையை எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்பதை அவர் சொல்லட்டும். நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சுத் திணறல், கையிலோ தாடையிலோ பரவும் வலி எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

விமானச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது பெரிய விஷயமில்லை. அந்த வீடியோக்களைப் பார்ப்பதை நிறுத்துங்கள், தானாகக் குறையும். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவும் நடுக்கமும் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் பயம் விமானப் பயணத்தைப் பற்றியது இல்லை என்று நினைக்கிறேன். 2025 ஜூன் 12 அன்று லண்டனுக்குக் கிளம்பிய அந்த விமானத்தில் 242 பேர் இருந்தார்கள்; ஒருவர்தான் பிழைத்தார். மொத்தச் சாவு 260. அதாவது, விமானத்தில் ஏறாத 19 பேரும் போய்விட்டார்கள். விமானம் விழுந்தது பி.ஜே. மருத்துவக் கல்லூரி விடுதிக் கட்டடங்களின் மேல். மதியச் சாப்பாட்டு நேரம். மெஸ் மேசையில் பாதி சாப்பிட்ட தட்டுகள் அப்படியே கிடந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மருத்துவ விடுதியில் அப்படியொரு மேசையில் அவசரமாகச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். பயணம் போனவர் மட்டும் செத்திருந்தால் 'நாம் போகவில்லை' என்று மனம் ஆறியிருக்கும். சோற்றுக்கு உட்கார்ந்தவர்களும் போனார்கள் என்பதுதான் விமானப் பாதைக்குக் கீழே குடியிருக்கும் உங்களை உலுக்கியிருக்கிறது. இது மனநோய் இல்லை. நாடே உலுங்கியபோது உங்கள் மனமும் உலுங்கியது.

தம்பி வீட்டுக்குப் போனீர்களே, மிக நல்ல காரியம். தொடர்ந்து போங்கள். பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்று மனைவிக்குத் தெரிவதும் நல்லதே. எந்த வீட்டிலும் அது தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் 'போனாலும் ஒன்றுதான்' என்ற வரியை நான் கடந்துபோக மாட்டேன். அதைப் பக்குவம் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். பத்திரத்தை ஒப்படைத்துவிட்டு, உயிர் காக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு, தூக்க மாத்திரையை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் 'நிம்மதியாக இருக்கிறேன்' என்று சொன்னால் எந்த மருத்துவரும் நிமிர்ந்து உட்காருவார். எனவே நேரடியாகக் கேட்கிறேன். சாவை நினைக்கும்போது பயம் வருகிறதா, அல்லது 'வந்தால் தேவலை' என்று ஓர் ஆறுதல் வருகிறதா? பயம் என்றால் கவலையில்லை, பயப்படும் மனம் வாழ நினைக்கிறது. ஆறுதல் என்றால், உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்திருந்தால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். மனைவியிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அல்ப்ரசோலத்தைச் சீட்டில்லாமல் கொடுத்த கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அது பழகிப்போகும் மருந்து; சோர்ந்த மனத்தை இன்னும் சோர்வாக்கும். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடலாம். இதையும் நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். தினமும் போட்டுவந்தவர் சட்டென்று விட்டால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். எத்தனை நாளாக, எத்தனை மில்லிகிராம் என்று மருத்துவரிடம் ஒளிக்காமல் சொன்னால் படிப்படியாகக் குறைப்பார். அதுவரை அந்த அட்டை மனைவியின் கையில் இருக்கட்டும். இரவுக்கு உண்டானதை அவர் எடுத்துத் தரட்டும்.

இன்று மருத்துவரிடம் போகும்போது தனியாகப் போகாதீர்கள். மனைவியையோ தம்பியையோ அழைத்துக்கொண்டு, இரண்டு மாத்திரை அட்டைகளையும் பழைய சீட்டையும் எடுத்துப் போங்கள்.