மேடன்ல நடுவ அடைச்சா வெளியால ஓடுறாங்க, என்ன செய்யலாம்?

மேடன் எண்ட அமெரிக்கன் ஃபுட்போல் வீடியோ கேம் விளையாடுற ஒரு தம்பி வெள்ளவத்தையில இருந்து கேட்டிருக்கார்: "மேடன்ல நடுவால ஓடுறத நிப்பாட்ட டிஃபென்ஸ் லைன பிஞ்ச் பண்றன், லைன்பெக்கர்மாரையும் உள்ளுக்கு எடுக்கிறன், ஆனா எதிராளி வெளியால சுத்தி ஓடிடுறான், என்ன பிழை?"

தம்பி, முன்வரிசை லைன், அதுக்குப் பின்னால நிக்கிற லைன்பெக்கர்மார், ரெண்டையும் உள்ளுக்கே இழுக்கிறதுதான் பிழை. பிஞ்ச் எண்டா ஆக்கள நடுவுக்கு நெருக்கிறது, ஸ்ப்ரெட் எண்டா வெளியால பரத்திறது. எதிர்ப்பக்கம் லைன்ல அஞ்சு பேர், நடுவில சென்டர், ரெண்டு பக்கமும் கார்ட், அதுக்கு வெளியால டெக்கிள். சென்டருக்கும் கார்டுக்கும் நடுவில இருக்கிற இடைவெளி ஏ, கார்டுக்கும் டெக்கிளுக்கும் நடுவில பி, டெக்கிளுக்கு வெளியால சி. லைன பிஞ்ச் பண்ணினா ஏயும் பியும் இறுகும், சி திறந்துடும், அந்த நேரம் லைன்பெக்கர்மாரும் உள்ளுக்கு நிண்டா வெளியால ஓடுறவன பிடிக்க ஆளே இல்ல. அதால லைன் பிஞ்ச் எண்டா லைன்பெக்கர் ஸ்ப்ரெட், லைன் ஸ்ப்ரெட் எண்டா லைன்பெக்கர் பிஞ்ச், இத கை தானா செய்யிற அளவுக்குப் பழகுங்க. பிளேஸ்டேஷன்ல டி-பேட் இடப்பக்கம் லைனுக்கு, வலப்பக்கம் லைன்பெக்கருக்கு.

லைன்பெக்கர்மார ஸ்ப்ரெட் பண்ணினா நடுவில குட்டிப் பாஸ் ஒண்டுக்கு இடம் வரும், அது உண்மை, அதுக்குத்தான் நடு லைன்பெக்கர நீங்களே கையில எடுத்து விளையாடணும், கம்ப்யூட்டர்ட்ட விட வேணாம்.

கன பேர் ஷிஃப்டையும் கிரஷையும் ஒண்டாப் போட்டுக் குழப்புறாங்க. ஷிஃப்ட் பண்ணினா ஆக்கள் போல் எடுக்க முன்னமே நகர்ந்து நிப்பாங்க, எதிராளிக்கு அது தெரியும், உடனே மற்றப் பக்கம் பிளேய மாத்துவான். கிரஷ் அப்பிடி இல்ல, போல் எடுத்த பிறகுதான் லைன் அந்தப் பக்கம் சரிஞ்சு போகும், முன்னாடி ஒண்டும் விளங்காது, ஆனா நீங்க நினைச்ச பக்கம் பிழைச்சா பெரிய ஓட்டம் ஒண்டு குடுக்க வேண்டி வரும். அதால தேர்ட் அண்ட் வன் (மூண்டாவது முயற்சி, இன்னும் ஒரு யார்ட்தான் தேவை) மாதிரி, ஓடத்தான் போறான் எண்டு நல்லாத் தெரியிற இடத்தில மட்டும் கிரஷ் போடுங்க. எட்டு யார்ட் தேவைப்படுற தேர்ட் அண்ட் எய்ட்டுக்கு அது தேவையே இல்ல.

லமார் ஜெக்சன் மாதிரி தானே போலோட ஓடுற குவாட்டர்பெக் (பாஸ் எறியிற ஆள்) இருந்தா பிஞ்சும் உள்பக்கக் கிரஷும் ஆபத்து, ஓரம் திறந்தா அவர் போயிடுவார். கன்டெயின் போடுங்க, அப்ப ரெண்டு ஓரத்து ஆக்களும் உள்ளுக்குப் பாயாம வெளிப்பக்கத்த அடைச்சுக்கொண்டு நிப்பாங்க. இதில அவரத் துரத்திப் பாயிற ரஷ் குறையும், பாஸ் எறிய அவருக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும், அதத் தெரிஞ்சுகொண்டே போடுங்க.

இன்னொண்டு, கொழும்பில இருந்து தூர நாட்டு ஆக்களோட ஒன்லைன்ல விளையாடக்குள்ள லாக் வரும், நாலஞ்சு மாற்றம் செய்யப் போனா உங்கட ஆக்கள் நகர்ந்து முடிய முன்னமே போல் எடுத்துடுவாங்க, பிறகு ஒருத்தரும் தன்ட இடத்தில இருக்க மாட்டாங்க. லைனுக்கு ஒண்டு, லைன்பெக்கருக்கு ஒண்டு, அவ்வளவும் போதும். முதல்ல பிரக்டிஸ் மோட்ல எதிர்ப்பக்கத்துக்கு வெளியால ஓடுற பிளே ஒண்டக் குடுத்து, பிஞ்சும் ஸ்ப்ரெட்டும் சேர்த்துப் போட்டு அத நிப்பாட்டப் பழகுங்க, அது சரியா வந்தாப் பிறகு கிரஷ் பக்கம் போகலாம்.