ஏஜாக்ஸ்னு பேர் வைக்கலாமா? புராணப் பேருக்கு ஓனர் இல்லன்னு நம்பி இறங்கறவங்களுக்கு

கேள்வி: வீட்டை சுத்தம் பண்ண ஆளுங்களை புக் பண்ற ஆப் ஒண்ணு ஆரம்பிக்கப் போறேன், பேரு ஏஜாக்ஸ். கிரேக்கப் புராணப் பேருதானே, யாருக்கும் சொந்தமில்ல, தேடியும் பாத்தேன், ஒண்ணும் வரல, தாராளமா வைங்கன்னு ஏஜென்ட் சொன்னார். டொமைனும் அவரே வாங்கி, கம்பெனி பேரையும் பதிஞ்சு குடுத்துட்டார். லோகோ ரெடி. இனிமே ஏதாவது பிரச்னை வருமா?

பதில்: வரும். லோகோவை அச்சடிக்கக் குடுக்கறதுக்கு முன்னாடி கேட்டீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்.

உங்க ஏஜென்ட் சொன்னதுல பாதி உண்மை இருக்கு. ஏஜாக்ஸ் ட்ராய் போர்ல சண்டை போட்ட வீரன், கிரேக்கத்துல ஐயாஸ், லத்தீன் வழியா வந்தப்போ இந்த மாதிரி ஆயிடுச்சு. அந்தக் கதையிலயே ஒருத்தர் இல்ல, ரெண்டு ஏஜாக்ஸ் உண்டு. அதுக்கப்புறம் எத்தனை பேரு இந்தப் பேரை எடுத்துக்கிட்டாங்கன்னு பாருங்க. ஆம்ஸ்டர்டாம்ல 1900ல ஆரம்பிச்ச ஃபுட்பால் கிளப், பிரிட்டிஷ் கடற்படையில வரிசையா பல கப்பல், அதுல ஒண்ணு 1939 டிசம்பர்ல தென் அமெரிக்கா பக்கம் ஜெர்மன் போர்க்கப்பலோட மோதினது, அந்தக் கப்பல் ஞாபகமா கனடாவுல ஒண்டாரியோ மாகாணத்துல ஒரு ஊரே இருக்கு, 1941ல குண்டு தயாரிக்கற ஃபேக்டரியைச் சுத்தி வளர்ந்த ஊரு. அமெரிக்க ராணுவத்துக்கு 1950கள்ல நைக்கி ஏஜாக்ஸ்னு ஏவுகணை இருந்துச்சு, ஷூவுக்கு நைக்கிங்கற பேரை வெச்சது 1971லதான். வானத்துல 1404ஆம் நம்பர் சிறுகோளும் ஏஜாக்ஸ்தான். இவங்கள்ல யாரும் யாரு வழியிலயும் குறுக்க வரல, ஏன்னா ஃபுட்பால் டிக்கெட் வாங்கப் போறவன் குழம்பிப்போய் ஏவுகணை வாங்கிட்டு வரமாட்டான்.

ஆனா நீங்க இறங்கற தொழில் சுத்தம் பண்றது. 1947லேர்ந்து கோல்கேட் பாமாலிவ் ஏஜாக்ஸ்ங்கற பேர்ல கிளீனிங் பவுடர் விக்கறாங்க. டிரேட்மார்க் சட்டத்துல பேரு எவ்ளோ பழசுன்னு யாரும் பாக்கமாட்டாங்க, இந்தப் பேரை இந்த வேலையோட சேர்த்துப் பாத்தா வாங்கறவங்களுக்கு யாரு ஞாபகம் வரும்னுதான் பாப்பாங்க. உங்க ஆப்பைப் பாக்கறவங்க அந்த பவுடர்காரங்களே ஆளும் அனுப்பறாங்க போலன்னு நினைச்சாலே போதும், நோட்டீஸ் வந்துடும்.

ஏஜென்ட் தேடிப் பாத்தாராம், ஒண்ணும் வரலையாம். எப்படி வரும்? உலகம் பூரா சரக்கையும் சேவையையும் 45 கிளாஸா பிரிச்சு வெச்சிருக்காங்க, சோப்பு, கிளீனிங் பவுடர் எல்லாம் 3, வீட்டை சுத்தம் பண்ற சேவை 37. அந்த 37லயே வீடு கட்றதும் எண்ணெய்க் கிணறு தோண்டறதும் இருக்கு! துடைக்கற பவுடர் ஒரு மூலையில, துடைக்கற வேலை இன்னொரு மூலையிலன்னு வெச்சுட்டு, சாதாரண ஜனங்க இதைப் புரிஞ்சுக்கணும்னு எப்படி எதிர்பாக்கறாங்களோ தெரியல, இத்தனை வருஷமா பாத்தும் எனக்கு இதுல எரிச்சல் அடங்கல. 37ஐ மட்டும் தேடிட்டு கிளியர்னு சொல்ற ஏஜென்ட் பாதி வேலைதான் பண்ணியிருக்கார். கிளாஸ் வேற வேறயா இருந்தாலும் சரக்கும் சேவையும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தப்பட்டதுன்னா மோதல் மோதல்தான்.

இப்போ நீங்க ஒண்ணு கேப்பீங்க, புரோகிராம் எழுதறவங்க எல்லாம் ஏஜாக்ஸ் ஏஜாக்ஸ்னு சொல்றாங்களே, எங்களுதும் ஆப்தானேன்னு. இதை நிதானமா கேளுங்க, நிறையப் பேரு வழுக்கி விழற இடம் இது. அந்த ஏஜாக்ஸ் 2005ல ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட்ங்கறவர் வெச்ச பேரு, முழுப் பக்கத்தையும் திரும்ப லோடு பண்ணாம அதுல ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்கற டெக்னிக். அது அந்தத் துறையில பொதுச்சொல் ஆயிடுச்சு, "எங்க ஆப் ஏஜாக்ஸ் முறையில ஓடுது"ன்னு யாரு வேணும்னாலும் எழுதலாம், நீங்களும் எழுதலாம். அந்த விலக்கு அவ்ளோதான். பேரையே ஏஜாக்ஸ்னு வெச்சா நீங்க முறையைச் சொல்லல, பிராண்டா கூப்பிடறீங்க. சரி, அந்த வழியா டிரேட்மார்க் பதிவு வாங்கலாமான்னா, பொதுச்சொல்லை யாருக்கும் தனியா எழுதிக் குடுக்கமாட்டாங்க. ஆக பவுடர் பக்கம் போனா இன்னொருத்தரோடது, புரோகிராம் பக்கம் போனா எல்லாரோடதும், ரெண்டு பக்கமும் உங்களுக்கு இடமில்ல.

டொமைன் வாங்கினது அட்ரஸ் வாங்கினது மட்டும்தான். கம்பெனி பதிவு வேற, டிரேட்மார்க் வேற, கம்பெனி பேரு கிடைச்சதால டிரேட்மார்க்கும் கிடைச்சதா ஆகாது, இதைத்தான் புரோக்கருங்க நல்லா பயன்படுத்திக்கறாங்க. டொமைன் யாரு பேர்ல பதிவாயிருக்குன்னு இன்னைக்கே பாருங்க, ஏஜென்ட் தன் பேர்ல வாங்கி வெச்சுட்டு அப்புறம் பேரம் பேசறதைப் பாத்திருக்கேன். ஒரு எழுத்தை மாத்திக்கலாம்னு அடுத்து சொல்லுவார், ஒத்துக்காதீங்க, காதுல ஒரே மாதிரி கேட்டாலும் மோதல்தான், முன்னாடி ஹோம்னு சேத்தாலும் தப்பிக்க முடியாது. டிரேட்மார்க் பதிவு ஆகறதுக்கு முன்னாடி வட்டத்துக்குள்ள ஆர் போட்ட குறியை லோகோவுல வைக்கச் சொன்னார்னா அந்த ஆளையே மாத்துங்க, நிறைய நாடுகள்ல அது குற்றம்.

வேற பேருக்கு டிரேட்மார்க் விண்ணப்பம் போட்டதும் உங்க விவரம் பொதுப் பதிவேட்டுல வந்துடும், அதைப் பாத்துட்டு சர்வதேசப் பதிவகம் மாதிரி லெட்டர்ஹெட்ல பணம் கட்டச் சொல்லி கடிதம் வரும். உலக அறிவுசார் சொத்து அமைப்பே (WIPO) இந்த மாதிரி கடிதங்களைப் பத்தி எச்சரிக்கை போட்டிருக்காங்க. உங்களுக்காக விண்ணப்பம் போட்டவர்கிட்ட காட்டாம எதையும் கட்டிடாதீங்க.

அந்த அமைப்போட பிராண்ட் டேட்டாபேஸ் இலவசம்தான். புதுசா யோசிக்கற பேரை அதுல போடுங்க, எழுத்துக்கூட்டலை மூணு நாலு விதமா மாத்திப் போட்டுப் பாருங்க, 3, 37 மட்டுமில்ல, ஆப், சாஃப்ட்வேர் வர்ற 9, சாஃப்ட்வேர் சேவை வர்ற 42, நாலு கிளாஸும் பாருங்க. அதுவரைக்கும் லோகோக்காரருக்கு மிச்சப் பணத்தைக் குடுக்காதீங்க.