போனில் எல்லாப் புத்தகமும் இருக்கிறதாம்!

கேள்வி: என் மகன் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பாடப் புத்தகம் வாங்கிக்கொள் என்று பணம் கொடுத்தால் வேண்டாம் என்கிறான். எல்லாம் போனில் பி.டி.எஃப்.பாக இருக்கிறதாம்; பரீட்சைக்கு சீனியர் நோட்ஸ் போதுமாம். நான்தான் பழைய காலத்து ஆளா? - ஒரு வாசகர், திருநெல்வேலி.

பதில்: பணம் கொடுத்தும் வேண்டாம் என்கிற பிள்ளை! முதலில் அதற்கு வாழ்த்துகள். ஆனால் அவர் சொல்வதைக் கொஞ்சம் கவனியுங்கள். போனில் இருப்பது புத்தகம், படிப்பதென்னவோ நோட்ஸ். எனக்கு இடிப்பது அந்த இடம்தான். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஃபைன்மனின் விரிவுரைகளை அமெரிக்காவின் கால்டெக் நிறுவனம் 2013 முதல் இணையத்தில் இலவசமாகவே போட்டு வைத்திருக்கிறது. அதில் எத்தனை அத்தியாயம் முடித்திருக்கிறார் என்று மகனிடம் சும்மா கேட்டுப் பாருங்கள்.

சோம்பேறித்தனம் என்று நான் திட்ட மாட்டேன். மின்புலத்தைக் கணக்கிட உதவும் காஸ் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். மின்னூட்டம் உள்ள நீளமான கம்பி. அதைச் சுற்றி ஓர் உருளையைக் கற்பனை செய்து மின்புலம் காண வேண்டும். உருளையின் இரு முனைத் தட்டுகள் வழியாக ஏன் எதுவும் பாய்வதில்லை என்பது படத்தைப் பார்த்துக்கொண்டே வரிகளைப் படித்தால்தான் பிடிபடும். நடுவில் முன்னால் வந்த ஒரு சமன்பாட்டைப் பார்க்கச் சொல்வார்கள். அது எட்டுப் பத்துப் பக்கம் தள்ளி இருக்கும். புத்தகம் என்றால் அங்கே ஒரு விரலைச் செருகிக்கொண்டு இங்கே படிக்கலாம். போனில் படத்தைப் பெரிதாக்கினால் வரிகள் ஓடிவிடும், வரிகளைப் பிடித்தால் படம் போய்விடும், பழைய சமன்பாட்டைத் தேடி மேலே போனால் திரும்பி வர வழி தெரியாது. இதற்குள் வாட்ஸ்அப் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கும். 'சரி, மனப்பாடம் பண்ணிவிடலாம்' என்று அப்போதுதான் தோன்றும். சீனியர் நோட்ஸ் உள்ளே நுழைவது அந்த நேரத்தில்தான்.

நோட்ஸில் தருவிப்பு இருக்கும், விடை இருக்கும், போன வருஷம் எத்தனை மார்க்குக்குக் கேட்டார்கள் என்பதும் இருக்கும். அத்தியாயத்தின் கடைசியில் வரும் கணக்குகள் மட்டும் இருக்காது. கம்பிக்குப் பதிலாக உள்ளே வெற்றிடமான குழாய் என்று கேள்வியை லேசாகத் திருப்பினால் போதும், ஆள் திணறிவிடுவார். செமஸ்டர் பரீட்சையில் அப்படித் திருப்ப மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி. போகலாம் என்று ஜாம் தேர்வு எழுத உட்காரும்போது திருப்புவார்கள். மாணவரை மட்டும் சொல்வானேன்? சிலபஸின் வாலில் பாடநூல், பார்வை நூல் என்று ஒரு பட்டியல் அச்சாகிறது. அதை வகுப்பில் வாசித்துக் காட்டும் பேராசிரியர்கள் எத்தனை பேர்?

ஆராய்ச்சியும் உங்கள் பக்கம்தான். தாளில் படிப்பதையும் திரையில் படிப்பதையும் ஒப்பிட்டு 2000 முதல் 2017 வரை வந்த 54 ஆய்வுகளை, மொத்தம் 1.7 லட்சம் பேருக்கு மேல் பங்கெடுத்தவை, ஒன்றுசேர்த்து 2018-இல் ஒரு கட்டுரை வெளியானது. தாளில் படித்தவர்களுக்குத்தான் புரிதல் கூடுதல். பிரமாதமான வித்தியாசம் இல்லை. ஆனால் இவ்வளவு நேரத்துக்குள் என்று கெடு வைத்துப் படிக்கும்போது அது அதிகமானது. கதை படிப்பதில் இந்த வித்தியாசம் தென்படவில்லை, தகவல் நூல்களில்தான் தென்பட்டது. ஆகவே நாவலை அவர் தாராளமாக போனில் படிக்கட்டும். நாளைக்கு ஆய்வுக் கட்டுரைகள் பக்கம் போனாலும் திரைதான். அங்கே நானே அவர் கட்சி.

விலைதான் பயம் என்றால் அதற்கும் வழி உண்டு. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை ஒன்றின் மீது 2012-இல் மூன்று வெளிநாட்டுப் பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. பாடத்துக்கு வேண்டிய பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பாக விற்கிறது என்று புகார். 2016-இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2017-இல் பதிப்பகங்களே வழக்கைக் கைவிட்டன. அங்கே நகல் வாங்கிய பிள்ளைகளுக்கும் காசு இல்லாமல்தான் இருந்தது. ஆனாலும் அவர்கள் தேடிப் போனது தாளை.

எல்லாப் பேப்பருக்கும் வாங்கிக் குவிக்க வேண்டாம். இயந்திரவியல், மின்காந்தவியல், வெப்ப இயற்பியல், குவாண்டம் நான்குக்கும் தலா ஒன்று, இந்தியப் பதிப்பாக. கணக்கு நிறைய உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் இன்னும் நல்லது. முந்தைய பதிப்பு என்று தயங்க வேண்டாம், சாய்தளத்தில் உருளும் பந்து பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. மூலக்கூறு உயிரியல் படிக்கும் பிள்ளைக்கு இந்த யோசனையைச் சொல்லிவிடாதீர்கள். மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் கத்தரியே 2012-இல்தான் வந்தது, அங்கே பத்து வருஷத்துப் புத்தகம் ரொம்பப் பழசு. இயற்பியலிலும் ஒரு வரி மாறியிருக்கிறது: 2019 மே 20 முதல் கிலோகிராமை பாரிஸ் பக்கத்தில் வைத்திருக்கும் உலோக உருளையை வைத்து வரையறுப்பதில்லை, பிளாங்க் மாறிலி என்ற, குவாண்டம் இயற்பியலின் மாறாத எண்ணை வைத்துத்தான். அதற்கு முந்தைய பதிப்பு கையில் வந்தால் அந்த இடத்தை மகன் பென்சிலால் திருத்திக்கொள்ளட்டும்.